எந்த லினக்ஸ் அண்ணா?

ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் முடித்துவிடக்கூடிய கேள்வியைத்தான் கேட்டேன். "விண்டோஸை விட்டுவிட்டு லினக்ஸுக்குப் போய்விடலாமா தம்பி?" லினக்ஸ் என்றால், விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை ஓட்டும் இலவச இயங்குதளம்; அதில் பல வகை உண்டு. நேற்று மாலை கேட்டது. சித்தி மகன் இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். நடுவில் நான் தூங்கியும் எழுந்துவிட்டேன். காலையில் கண் விழித்ததும் பார்த்த முதல் செய்தி: "அண்ணா, ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன்."

ஏன் கேட்டேன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் அதே வரிசையில்தான் நிற்கிறீர்கள். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்று மங்களம் பாடிவிட்டார்கள். அது வந்த ஆண்டில், அதைச் செய்த மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரே மேடையேறி இதுதான் கடைசி விண்டோஸ் என்றார். 2021இல் 11 வந்து நின்றது. வந்ததும் வராததுமாகச் சாதகம் கேட்டது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு உண்டா? கணினி தொடங்கும்போதே போலி நிரலைத் தடுக்கும் செக்யூர் பூட் உண்டா? செயலி இன்டெல் என்றால் எத்தனையாவது தலைமுறை? எட்டுக்குக் கீழே என்றால், ஏதோ ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். கணினி இன்றைக்கும் நன்றாக ஓடுகிறதே என்று சொன்னால் அது ஒரு தகுதியே அல்ல. சரி, பழையதிலேயே இருந்துகொள்கிறோம் என்றவர்களுக்கு ஓராண்டுப் பாதுகாப்பு நீட்டிப்பு ஒன்றை அறிவித்தார்கள். பெரும்பாலான நாடுகளில் அதற்கு வழி மூன்று: நம் அமைப்புகளை அவர்களுடைய கணக்கில் ஏற்றி ஒத்திசைக்க வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும், இல்லையென்றால் 1,000 வெகுமதிப் புள்ளிகளைக் கொடுக்க வேண்டும். வைரஸ் வராமல் இருக்கப் புள்ளி சேர்க்க வேண்டுமாம்! இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு லினக்ஸ் ஆசை வராமல் என்ன செய்யும்?

அதனால்தான் தம்பியை அழைத்தேன். அவன் கல்லூரியில் காலடி வைத்த நாளிலிருந்து லினக்ஸ்காரன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.

"எந்த லினக்ஸ் அண்ணா?" என்றான்.

"எது நன்றாக இருக்குமோ அது."

சற்று நேரம் பேச்சில்லை. மருத்துவர் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பாரே, அந்த நேரம். பிறகு கேட்டான்: "நன்றாக என்றால், எந்த வகையில்?"

"கடிதம் அடிப்பேன். கணக்கு அட்டவணை ஒன்று வைத்திருக்கிறேன். அச்சடிப்பேன். அவ்வளவுதான் என் ராஜ்யம்."

"அப்படியானால் மிண்ட் போதும் அண்ணா."

பார்த்தீர்களா, எவ்வளவு எளிது! ஒரு கேள்வி, ஒரு பதில். காகிதத்தில் 'மிண்ட்' என்று எழுதி அடிக்கோடும் போட்டுவிட்டேன். பேனாவை மூடவில்லை, அதற்குள் வந்தது அடுத்தது.

"மிண்டில் எது? சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று திரைத்தோற்றங்கள் இருக்கின்றன."

மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது என்று சொல்வீர்கள். நான் சொல்கிறேன், ஒரு மனிதன் கேட்கத்தான் செய்வான்! விளக்கினான். சன்னலின் ஓரம் எப்படி வளையும், பட்டியல் எந்தப் பக்கம் திறக்கும், எது எத்தனை நினைவகத்தைத் தின்னும் என்று ஒன்றுவிடாமல் விளக்கிவிட்டு, "ஆனால் ஒன்று அண்ணா, மிண்ட் என்பதே உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் மேல் கட்டியது" என்றான். சரி, கட்டட்டும். "உபுண்டு, டெபியனின் மேல் கட்டியது." அதுவும் சரி. "உபுண்டு என்றைக்காவது இல்லாமல் போனால் என்ன செய்வது என்று, மிண்டுக்காரர்களே நேரடியாக டெபியன் மேல் இன்னொரு மிண்டும் கட்டி வைத்திருக்கிறார்கள்." குடிபோகும் முன்பே மாடி இடிந்தால் எங்கே தங்குவது என்று எனக்குக் காட்டிக்கொண்டிருக்கிறான்.

"அப்படியானால் உபுண்டுவுக்கே போய்விடுகிறேன்" என்றேன், பேச்சை முடிக்கும் நோக்கில். "போகலாம். உபுண்டுவா, குபுண்டுவா, சுபுண்டுவா, லுபுண்டுவா?"

சத்தியமாக இவை எல்லாம் இருக்கின்றன. அவன் என்னைக் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

"தம்பி, அச்சுப்பொறி வேலை செய்யுமா?"

"அதற்கு வருகிறேன் அண்ணா. அதற்கு முன், ஸ்னாப் உங்களுக்குச் சம்மதமா, ஃபிளாட்பேக்தான் வேண்டுமா?" இரண்டும் மென்பொருளைப் பொட்டலம் கட்டும் முறைகளாம். உபுண்டுக்காரர்களுக்கு முதலாவது பிடிக்கும், மிண்டுக்காரர்கள் அதை வாசலிலேயே தடுத்து வைத்திருக்கிறார்கள். அடுத்தது, திரையில் படம் வரைவது பழைய எக்ஸ்11 ஆக இருக்க வேண்டுமா, புதிய வேலேண்டாக இருக்க வேண்டுமா என்ற விவாதம். புதியது என்கிறானே என்று பார்த்தால், அந்தத் திட்டம் 2008இல் தொடங்கியதாம். அதற்கு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறார்கள்! மாறலாமா என்று தயங்கும் என்னை, மாறி முடிக்காதவர்களிடம் கொண்டுபோய் விடுகிறான். கடைசியில் சிஸ்டம்டி. கணினி விழித்ததும் எந்த நிரல் முதலில் எழுந்து மற்றவற்றை எழுப்ப வேண்டும் என்பதில் சண்டை மூண்டு, ஒரு கூட்டம் டெபியனிலிருந்து பிரிந்து டெவுவான் என்று தனிக்குடித்தனமே போய்விட்டது. அதில் என் நிலைப்பாடு என்ன என்று கேட்டான். என் நிலைப்பாடு! எனக்கு அச்சுப்பொறி ஓட வேண்டும் தம்பி, அதுதான் என் நிலைப்பாடு.

அச்சுப்பொறி என்றதும் அவனுக்கு வரலாறு நினைவுக்கு வந்துவிட்டது. 1980ஐ ஒட்டி, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகச் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர், அடிக்கடி காகிதம் சிக்கிக்கொள்ளும் ஒரு லேசர் அச்சுப்பொறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதன் மூலநிரலைத் திருத்தலாம் என்று கேட்டால் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அந்தக் கோபத்தின் தொடர்ச்சியாகத்தான் 1983இல், யாரும் திருத்தக்கூடிய கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார். 1991இல் ஹெல்சிங்கியில் லினஸ் டார்வால்ட்ஸ் என்ற மாணவர், வெறும் பொழுதுபோக்கு, பெரிதாக ஒன்றும் வராது என்று சொல்லிக்கொண்டு இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கருவை எழுத, இரண்டும் சேர்ந்தன. ஆக, இந்த இயக்கத்தின் வேரில் இருப்பதே அச்சுப்பொறி மீது ஒரு மனிதன் கொண்ட ஆத்திரம். நாற்பது ஆண்டு கழிந்துவிட்டது. அதே இயக்கத்தின் கதவைத் தட்டி அதே அச்சுப்பொறிக் கேள்வியைக் கேட்கிறேன். பதில்: "பொதுவாக வேலை செய்யும் அண்ணா."

என் அச்சுப்பொறி பொதுவானதல்ல. இருக்கும் இயங்குதளத்திலேயே அது நாள் நட்சத்திரம் பார்த்துத்தான் காகிதத்தை இழுக்கும்.

"நிறுவாமலே ஓட்டிப் பார்த்துவிடலாமே" என்றான். பென் டிரைவில் ஏற்றி, கணினியை மறுபடி தொடங்கி, உடனே எஃப்12 பொத்தானை அழுத்த வேண்டும். எஃப்12 இல்லையென்றால் எஃப்2. அதுவும் இல்லையென்றால் எஸ்கேப், அல்லது டெலீட். கணினியைப் பொறுத்தது. எழுத்து மின்னி மறையும் அந்தக் கணத்தில் நான்கையும் மாற்றி மாற்றிக் குத்தினேன். விண்டோஸ் அமைதியாக வந்து கடவுச்சொல் கேட்டது. மறுபடி. மறுபடியும் அதே முகம். பிறகு எப்படியோ, எந்தப் பொத்தான் என்று எனக்கே தெரியாமல், திறந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், அழகாக இருந்தது. வேகமாகவும் இருந்தது. குறை சொல்ல வந்தவனுக்குச் சங்கடமாகிவிட்டது. நல்ல வேளையாக வைஃபை வரவில்லை.

வைஃபை சில்லைச் செய்தவர்கள், லினக்ஸில் அதை ஓட்ட வேண்டிய நிரலான இயக்கியைத் தரவில்லையாம், யாரோ புண்ணியவான் தானாக எழுதி இணையத்தில் வைத்திருக்கிறாராம். "பதிவிறக்கிக்கொள்ளலாம் அண்ணா." எதை வைத்து? இணையம் வருவதற்கு வேண்டியதை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்கிறான், அதுவும் எவ்வளவு மரியாதையாக! கைப்பேசியைக் கம்பியால் இணைத்து அந்த வழியாக இணையம் வாங்கியது தனிக் கதை. தமிழ்99 விசைப்பலகை இருக்கிறதா என்றேன். இருக்கிறது. ஆனால் பிறமொழி தட்டச்சுக்கான ஐபஸ் நிரலை நிறுவி, அதற்குள் எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பை நிறுவி, வெளியேறி, மறுபடி நுழைந்தால் இருக்கிறது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்த பழைய கடிதங்களைத் திறந்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஏதோ திட்டுவதுபோல இருந்தது. பொதுவாகத் தமிழர்களுக்கு எந்தக் கட்சியிலும் இடம் கடைசி வரிசைதான் என்று விட்டுவிட்டேன்.

ஒரு பெயரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளத் தெரிந்த ஒருவன் இருந்திருந்தால் லினக்ஸ் எப்போதோ வீட்டுக் கணினிகளை எல்லாம் பிடித்திருக்கும். இலவசம், நேர்மையானது, உளவு பார்க்காது, பழைய கணினியையும் தூக்கி எறியச் சொல்லாது. இவ்வளவு நல்லதை வைத்துக்கொண்டு, வந்தவனை வாசலில் நிறுத்தி வினாத்தாள் கொடுக்கிறார்கள். அங்கே சில்லு இல்லாதவனைச் சேர்ப்பதில்லை, இங்கே கருத்து இல்லாதவனை.

மேக் வாங்கிவிடு என்று சொல்ல ஓர் உறவினர் உண்டு, எல்லாருக்கும் ஒருவர் உண்டு. இன்டெல் செயலியில் ஓடும் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26தான் கடைசி என்று 2025இல் ஆப்பிளே அறிவித்துவிட்டது. அங்கேயும் தலைமுறை பார்க்கிறார்கள் என்றேன். "அதனால்தான் புதிதாக வாங்கச் சொல்கிறேன்" என்றார், ஏதோ நான்தான் அவர் பக்கத்தை எடுத்துப் பேசியதுபோல.

முடிவு என்ன என்றால், முடிவு இல்லை. தம்பியின் காலைச் செய்தியைத் திறந்தேன். மறந்துபோனதாகச் சொன்னது இதுதான்: கோப்புகளை அடுக்கி வைக்க வன்தட்டை எக்ஸ்ட்4 முறையில் வடிவமைப்பதா, பிட்ரிஎஃப்எஸ் முறையிலா? சிரித்துவிட்டேன். தனியாக உட்கார்ந்து, கண்ணில் நீர் வர.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எழுத்தில் கேட்கிறானே. வேறு நண்பர் ஒருவரிடமும் இதே கேள்வியை ஒரு வரியில் எழுதி அனுப்பியிருந்தேன். பதிலுக்குக் குரல் பதிவு. கேட்கிறேன், யார் இவர்களுக்கு இந்த உரிமையைக் கொடுத்தது? படிக்க நான்கு நொடி ஆகும் விஷயத்தை ஏன் ஒன்பது நிமிடம் பேச வேண்டும்? அதில் பாதி தொண்டையைச் செருமுவது, மீதி வண்டிச் சத்தம். இடையில் யாருக்கோ "இதோ வருகிறேன்" என்று குரல் கொடுக்கிறார், அதையும் நான் கேட்க வேண்டும், ஏனென்றால் பதில் எந்த நொடியில் ஒளிந்திருக்கிறதோ தெரியாது. ஓட்டிப் பார்க்கலாம் என்று விரலை இழுத்தால் முதலிலிருந்து தொடங்குகிறது. கடைசி வரை கேட்டேன். கடைசியில் என்ன சொன்னார் தெரியுமா? "மீதியை அடுத்த பதிவில் சொல்கிறேன்."