பசுமை எரிபொருள் வேறு, பச்சை விறகு வேறு

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் இருபத்தாறு வருஷம் பாய்லர் ஓட்டியவன் நான். ஃபர்னஸ் ஆயில் எரித்திருக்கிறேன், நிலக்கரி எரித்திருக்கிறேன், கடைசிப் பத்து வருஷம் விறகு. மனதில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரியை விட்டுவிட்டு விறகுக்கும் உமிக்கும் மாறுவது நல்ல காரியம். எனக்கு முழுச் சம்மதம். ஆனால் ஐப்பசி மழையில் எடைமேடையில் வந்து நிற்கிற சவுக்கு லாரியைப் பாருங்கள். முந்தாநாள் வெட்டிய மரம், பட்டையைத் தொட்டால் கை நனையும். ஃபர்னஸ் கதவைத் திறந்து உள்ளே தள்ளினால் கட்டையின் வெட்டுவாயில் நுரை தள்ளும், உஸ்ஸென்று சத்தம் வரும். ஸ்டீம் பிரஷர் இறங்கும். பிரஷரைத் தூக்க இன்னும் ரெண்டு கட்டை போடுவோம். புகை கனக்கும். அந்தப் புகை குடிகாட்டுக்கும் செம்மங்குப்பத்துக்கும்தான் போகிறது.

புதிதாய் வெட்டிய மரத்தில் பாதிக்குப் பாதி வரைக்கும் தண்ணீர் இருக்கும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் வேண்டும். அவ்வளவும் சிம்னி வழியாகப் போகிற வெப்பம். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிக்கும் இதே கதைதான், அதிலும் ஏறக்குறைய பாதி ஈரம். எங்கள் அம்மா அடுப்புக்கு விறகு வாங்கும்போது ரெண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். கணீரென்றால் காய்ந்தது, பொத்தென்றால் பச்சை. கோடிக்கணக்கில் பணம் போட்ட பாய்லருக்கு அந்தச் சோதனைகூடக் கிடையாது.

விவசாயி மேல் தப்புச் சொல்ல மாட்டேன். டன் கணக்கில் காசு கொடுத்தால் யார் காயவைத்துக் கொண்டு வருவார்? காயக் காய எடை குறையும், அவருக்கு நஷ்டம். மூணு நாலு வருஷம் காத்திருந்து வெட்டுகிற பயிர் அது. எடைக்குப் பதில் ஈரம் அளந்து, வெப்பத்துக்கு விலை போடுங்கள். கூரை போட்ட கொட்டகையில் ரெண்டு மூணு மாசம் அடுக்கி வையுங்கள். பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோடும் நல்ல எரிபொருள்தான், ஆனால் எண்ணெய் எடுத்த பிறகு வருகிற சக்கையாக இருக்க வேண்டும். எண்ணெயோடு போட்டால் புகை கண்ணைக் கரிக்கும், பாய்லர் டியூபையும் அரிக்கும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் வைத்த சவுக்குத் தோப்புகள் மேல் யாரும் கண் வைக்காதீர்கள். அது ஊருக்கு அரண்.

சரி, விறகு காய்ந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது ஸ்டீம். நான் வேலை பார்த்த ஒரு ஆலையில் மார்கழி விடியற்காலையில் சாக்கடையே ஆவி பறக்கும். பிளாண்ட்டிலிருந்து பாய்லருக்குத் திரும்ப வேண்டிய கண்டன்சேட், அதாவது வேலை முடித்த ஸ்டீம் தண்ணீராக மாறியது, அத்தனையும் வாய்க்காலில் ஓடியது. கொதிக்கக் கொதிக்க இருக்கிற சுத்தமான தண்ணீர் அது. அதைக் கொட்டிவிட்டுப் போர்த் தண்ணீரை எடுத்து, உப்பு நீக்கி, பச்சைத் தண்ணீராகப் பாய்லருக்கு விடுவோம். பாய்லருக்குள் விடுகிற தண்ணீரின் (பீட் வாட்டர்) சூடு 6 டிகிரி ஏறினால் எரிபொருளில் ஏறக்குறைய ஒரு சதவீதம் மிச்சம். இது பாய்லர் படித்த எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. ரெண்டு வருஷம் சொன்னேன். "உற்பத்தி நிக்கக் கூடாது, அப்புறம் பாக்கலாம்" என்பார்கள். கடைசியில் ஒரு ஷட்டவுனில் பழைய பைப்பை வைத்தே லைன் இழுத்து, அந்தத் தண்ணீரைப் பாய்லர் டேங்குக்குத் திருப்பினோம். கை வைக்க முடியாதபடி டேங்க் சூடானது. அந்த மாசமே விறகு லாரி குறைந்ததை எடைமேடைப் பையன் வந்து சொன்னான்.

ஸ்டீம் ட்ராப் அடுத்த கொடுமை. ஸ்டீமை வெளியே விடாமல், லைனில் சேரும் தண்ணீரை மட்டும் வெளியேற்றுகிற வால்வு அது. நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை ட்ராப் மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேளுங்கள். விட்டுவிட்டுச் சத்தம் வந்தால் அது வேலை செய்கிறது. ஓயாமல் சீறினால் திறந்தபடி மாட்டிக்கொண்டது, ஸ்டீம் சும்மா போகிறது. 7 பார் அழுத்தமுள்ள லைனில் 3 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் மணிக்கு ஏறக்குறைய 30 கிலோ ஸ்டீம் காலி. இரவு பகலாக ஓடினால் வருஷத்துக்கு 250 டன்னுக்கு மேல். பாய்லர் ஃபேனுக்கும் சொல்கிறேன்: காற்றை மறிக்கிற தகட்டை (டேம்பர்) மூடி ஓட்டாமல், மோட்டார் வேகத்தை மாற்றுகிற டிரைவ் போட்டு வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் கரண்ட் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

செய்ய முடியாத காரியமா? நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் கரும்புச் சக்கையை எரித்து, உயர் அழுத்த ஸ்டீமில் முதலில் டர்பைனைச் சுற்றிக் கரண்ட் எடுத்துவிட்டு, அதே ஸ்டீமில் சாறு காய்ச்சுகிறார்கள். ஒரே வெப்பம், ரெண்டு வேலை. பெரிய ஆலைகளுக்கு 2012-ல் தொடங்கிய மத்திய அரசின் 'பாட்' திட்டத்தில் எரிசக்தி சேமிப்பு இலக்கு வைத்தார்கள்; இலக்குக்கு மேல் மிச்சம் பிடித்தவர்கள் சான்றிதழ் வாங்கி விற்க முடிந்தது. நம் பக்கத்து நடுத்தர ஆலைகள் பல அந்த வரம்புக்குள் வராதவை. அவற்றைக் கேட்க ஆளில்லை. சிப்காட் ஆலைகள் சேர்ந்து பொதுவாய் ஒரு விறகுக் கொட்டகையும், எடைமேடையில் ஈரம் அளக்க ஒரு கருவியும் வைத்தால் போதும், ஆரம்பிக்கலாம்.

நாளைக் காலை ஷிஃப்டுக்குப் போகிற தம்பிகளே, பிளாண்ட்டை ஒரு சுற்று வந்து ட்ராப்களை எண்ணுங்கள். எத்தனை சீறுகிறது என்று எழுதி, மெயின்டனன்ஸ் புத்தகத்தில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எப்படிக் கேட்பது என்று சந்தேகமிருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். முதுநகரில்தான் இருக்கிறேன், ஸ்குரூ டிரைவரோடு நேரிலேயே வந்து காட்டுகிறேன்.