கல்லில் இருக்கிற அப்பா பெயரை ஏன் ஐயா விட்டீர்கள்?

மூன்று வருஷம். ஒரு மனுஷனுடைய அப்பா பெயரைக் கண்டுபிடிக்க எனக்கு முழுசாக மூன்று வருஷம்! அழிந்துபோன பெயராக இருந்தால் மனசு ஆறிவிடும். லண்டன் மழையில் நூறு வருஷத்துக்கு மேல் நனைந்தும் கல்லில் பளிச்சென்று இருக்கிற பெயர் அது. மயானத்துக் கல்லறைகளைப் பட்டியல் எழுதப் போனவர்கள் அதை எழுதாமல் வந்துவிட்டார்கள். வயிறு எரிகிறது.

என் மாமனார் லண்டன் யூதர், எண்பதைத் தாண்டியவர். அவருடைய தாத்தாவின் அப்பா லிதுவேனியாவிலிருந்து வந்து, கிழக்கு லண்டனில் தையல் வேலை பார்த்து, அங்கேயே செத்துப்போனவர். அதற்கு முந்தின தலைமுறை யார் என்று தெரிய அவர் கல்லறையை விட்டால் வேறு வழியில்லை. யூதர்கள் கல்லறையில் எபிரேயத்தில் ‘இன்னார் மகன் இன்னார்’ என்றுதான் வெட்டுவார்கள். குடும்பப் பெயர்கூடப் பல கல்லில் இருக்காது, அப்பா பெயர் இருக்கும். இனிஷியலோடு வாழ்கிற நமக்கு இதை விளக்க வேண்டுமா என்ன? கேரளத்துச் சேந்தமங்கலத்தில் 1269ஆம் வருஷத்துக் கல் ஒன்று இருக்கிறது. ‘இஸ்ரவேலின் மகள் சாரா’ என்கிறது. எழுநூறு வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பெண்ணுக்கு அப்பா பெயர் இருக்கிறது. நம்ம ஆளுக்கு இல்லை.

பட்டியலில் இருந்தது இவ்வளவுதான்: ஹாரிஸ், வரிசை எண், குழி எண், வருஷம். அதே குடும்பப் பெயரில் ஐந்து ஹாரிஸ்! அந்த மனுஷனை அவர் அம்மா ஒருநாளும் ஹாரிஸ் என்று கூப்பிட்டிருக்க மாட்டாள். எபிரேயத்தில் ‘த்ஸ்வி’ என்றால் மான். வீட்டில் பேசுகிற இத்திஷில் ‘ஹிர்ஷ்’, அதுவும் மான்தான். லண்டனில் இறங்கியதும் ஹாரிஸ் ஆகிவிட்டார். மானும் இல்லை, மண்ணும் இல்லை.

சரி, புகைப்படம் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார்கள். மேலே எபிரேயம், கீழே ஆங்கிலம் உள்ள கல்லில் கீழ்ப்பாதியை மட்டும் எடுத்த படம். ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றிருந்தால் போதும்!

இதில் வருஷத்தை மட்டும் யாரோ எபிரேயத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள், அதுவும் அரைகுறையாக. கல்லில் ஆயிரங்களை விட்டுவிட்டு 665 என்று எழுத்துகளால் குறித்திருக்கும். முழுசாகச் சொன்னால் 5665. கல்லில் உள்ள 665ஓடு 1240ஐக் கூட்டினால் 1905 என்பது கைக்கணக்கு. ஆனால் அவர்கள் புத்தாண்டு நம்ம புரட்டாசி வாக்கிலேயே பிறந்துவிடும். இவர் செத்தது கிஸ்லேவ் மாதம், நவம்பர் டிசம்பரில் வருவது. அப்படியானால் 1904! நான் 1905ஐ நம்பி இறப்புச் சான்றிதழுக்குப் பணம் கட்டினேன். வந்தது எவரோ ஒரு மீன் வியாபாரியுடையது.

கடைசியில் நேரிலேயே போனோம். மாமா கோஹன், அதாவது பழைய ஆசாரிய வம்சம். கோஹன்கள் கல்லறைகளை நெருங்கக் கூடாது. அவர் வாசலுக்கு வெளியே காரில் உட்கார்ந்துகொண்டார். எங்கள் ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. ஆக, போனது நான்! 247 எழுத்து படித்தவளுக்கு எபிரேயத்தின் 22 எழுத்து மலையா? மாமாவிடமே கற்றுக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஹாரிஸின் கல்லில், தலைமாட்டில் இரண்டு கைகள் விரல் விரித்து ஆசீர்வதிப்பதுபோல் செதுக்கியிருந்தது. கோஹன் அடையாளம். மற்ற நான்கிலும் அது இல்லை. இந்தக் கைகளைப் பற்றிப் பட்டியலில் ஒரு வார்த்தையாவது எழுதியிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

‘த்ஸ்வி ஹிர்ஷ், மேயிரின் மகன்.’

காருக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அவருடைய எபிரேயப் பெயரும் மேயிர்தான். செத்துப்போன பெரியவர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அவர்கள் வழக்கம். நாம் பேரன் என்கிறோமே, அதேதான். யார் பெயரைச் சுமக்கிறோம் என்று தெரியாமலே எண்பது வருஷம் சுமந்திருக்கிறார்.

கிரேக்க நாட்டுத் தெசலோனிகியில் லட்சக்கணக்கான யூதக் கல்லறைகளை 1942 டிசம்பரில் இடிக்கத் தொடங்கினார்கள். இன்று அதன்மேல் பல்கலைக்கழகம் நிற்கிறது. அங்கே முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு அழத்தான் முடியும். பெர்லினில், ஹிட்லரின் தலைநகரிலேயே, 1880இல் திறந்த வைசென்சே யூத மயானத்தின் பதிவேடுகள் போரைத் தாண்டிப் பிழைத்திருக்கின்றன. 1,15,000க்கு மேற்பட்ட கல்லறைகள்! குண்டு விழுந்த ஊரில் ஏடு பிழைக்கிறது. இங்கே கல்லும் பத்திரம், ஏடும் பத்திரம், நடுவில் நின்று எழுதியவருக்குத்தான் மேலே நிமிர்ந்து பார்க்கக் கழுத்து வலி.

முழுக் கல்லையும் படம் எடுத்து, எபிரேயத்தைத் தட்டச்சு செய்து, வருஷத்தையும் திருத்தி அனுப்பினேன். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. மிக்க நன்றியாம். வருஷத்தை மாற்றிவிட்டார்களாம். அப்பா பெயருக்கு அவர்கள் படிவத்தில் கட்டம் இல்லையாம்.