பெட்டியில் இருப்பது கப்பலேறிய ஆண்டா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டெக்கோராவில், நார்வேயிலிருந்து குடியேறியவர்களுக்கான வெஸ்டர்ஹெய்ம் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள, அவர்கள் கொண்டுவந்த பூ வரைந்த மரப்பெட்டிகளைப் பற்றி, அவற்றில் எழுதியிருப்பது பெட்டிக்குரிய குடும்பம் நார்வேயை விட்டுக் கிளம்பிய ஆண்டு என்று இங்கே பலர் பகிர்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லைங்க. பூக்களோடு சேர்த்து எழுதிய ஆண்டு, பெட்டி செய்த அல்லது வண்ணம் தீட்டிய ஆண்டு. பல பெட்டிகள் கல்யாணச் சீர். பாட்டியின் பெட்டியில் பேத்தி துணிமணி அடுக்கிக்கொண்டு கப்பலேறியது சகஜம்.

சரிபார்ப்பது எளிது. நார்வேயிலிருந்து அமெரிக்காவுக்குக் குழுவாகக் குடியேறியவர்களின் முதல் கப்பலான 'ரெஸ்டரேஷன்' நார்வேயின் ஸ்டவாங்கர் துறைமுகத்திலிருந்து புறப்பட்டதே 1825இல்தான். பெட்டியில் 1790 என்றிருந்தால் அது பயண ஆண்டாக இருக்க அநேகமாக வழியில்லை. அடுத்து எழுத்தைப் பாருங்கள்: பயணத்துக்காகச் சேர்த்த பெயரும் போகுமிடமும் பெரும்பாலும் அலங்காரமில்லாத ஒற்றை நிற எழுத்தில், சில நேரம் பழைய பூவின் மேலேயே ஏறி நிற்கும். பயண ஆண்டு வேண்டுமானால், நார்வே அரசு ஆவணக் காப்பகத்தின் 'டிஜிட்டல்ஆர்கிவெட்' தளத்தில் ஊர்த் தேவாலயப் பதிவேட்டின் வெளியேறியோர் பட்டியலைப் பாருங்கள், இலவசம்தான். பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள், ஒரே ஊரில் ஏகப்பட்ட ஓலே ஓல்சன்கள் இருப்பார்கள். அவர்கள் வாழ்ந்த பண்ணையின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.