மஞ்சுவுக்கு என்ன வியாதி என்று கண்டுபிடித்தவருக்கு

ஞாயிற்றுக்கிழமை திரையிடலில் நடந்தது வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கு இந்நேரம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். பெயர் சொல்லப்போவதில்லை. ‘அவள் அப்படித்தான்’ படம் முடிந்த கையோடு ஒருவர் மைக்கை வாங்கி, “அந்தப் பொண்ணை அன்னைக்கே நல்ல டாக்டர்கிட்ட காட்டியிருந்தா படமே தேவைப்பட்டிருக்காது” என்கிறார். அரங்கமே கைதட்டுகிறது. மதுரையில் ரசிகர்களுக்கா பஞ்சம்!

அய்யா, அந்தப் படத்தை எடுத்த ருத்ரய்யா 1978இல் அதன் நாயகி மஞ்சுவை ஆராயவில்லை. அவளை ஆராய வருகிற ஆண்களை ஆராய்ந்தார். அருண் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தவன். ஊரிலுள்ள பெண்களிடமெல்லாம் கேள்வி கேட்கிறான். பக்கத்திலிருக்கும் மஞ்சு பதிலாகவே வந்து நின்றால் தாங்க முடியவில்லை, ஊருக்குப் போய் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறான். அந்த கேமரா யாரைப் படம் பிடிக்கிறது என்று இப்போதாவது புரிகிறதா? பெண்களை மட்டமாகப் பேசும் அவன் நண்பன் தியாகுவாவது தான் யார் என்பதை ஒளிக்கவில்லை.

அந்தப் படத்தின் ‘உறவுகள் தொடர்கதை’யை ஸ்டேட்டஸ் வைக்கிறீர்களே, அதைப் பாடி மஞ்சுவைத் தேற்றும் அவள் பழைய காதலன் மனோதான் பிறகு பெற்றோர் முன்னால் அவளைத் தங்கச்சி என்கிறான். அவ்வளவு இதமான பாட்டை அந்த வாயில் வைத்தார்கள் பாருங்கள். ஜேசுதாஸ் குரலில் சொக்கி அவளோடு சேர்ந்து நாமும் ஏமாறுகிறோம். இதெல்லாம் டாக்டர் சீட்டில் வராது.

“கலருக்குக் காசில்லை, அதான் கருப்பு வெள்ளை. குறியீடாவது மண்ணாவது” என்பார்கள். சரி, காசில்லை என்றே இருக்கட்டும். பாதி இருட்டில் நிற்கும் அந்த முகம் அதனால் பொய்யாகிவிட்டதா? “எடுத்தவரும் ஆண்தானே?” ஆமாம், ஆண்தான். அடுத்து?

“எல்லாத்தையும் உன் சொந்த விஷயமா எடுத்துக்கிறே.” எடுத்துக்கொள்கிறேன். சிம்மக்கல்லில் எங்கள் சித்தி கல்யாணம் வேண்டாம் என்று வேலைக்குப் போனவள். சில சாயங்காலம் தெப்பக்குளத்தில் தனியாக உட்கார்ந்து கடலை கொறித்துவிட்டு பஸ் பிடித்து வருவாள். தெருவில் யாரும் அவளைத் திட்டியதில்லை. “அவ அப்படித்தான், விடு” என்பார்கள். அதன்பிறகு அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டிய அவசியமே யாருக்கும் இருக்காது. படத்தின் தலைப்பு யார் பேசுவது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

அன்று மைக்கை வாங்கியவர் கால்மணி நேரம் பேசினார். நான் எழுந்தபோது “மேடம், ரெண்டே நிமிஷம்” என்றார்கள். மூன்றாவது வாக்கியத்தில் “கோபப்படாம பேசுங்க” என்று ஒரு குரல். அப்போது நான் கோபப்படவே இல்லை. எனக்கும் டாக்டரைப் பார்க்கச் சொல்லவில்லை, அந்த மட்டும் நன்றி.

நேற்று சித்திக்கு போன் செய்து புலம்பினேன். அவள் படம் பார்த்ததில்லை. கதையைச் சொன்னேன். கடைசியில் மஞ்சுவை நடுரோட்டில் இறக்கிவிட்டுக் கார் போய்விடுகிறது என்றதும், “ஐயோ, அந்தப் பிள்ளை அப்புறம் எப்படி வீட்டுக்குப் போனாளாம்?” என்று கேட்டாள்.

இரண்டு மணி நேர விவாதத்தில் ஒருவருக்கும் இதைக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.