டிராவல் நர்ஸ் வேலைக்குத் தேர்வே வேண்டாமா?

"அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவுகளில் டிராவல் நர்ஸ் வேலை. தேர்வு கிடையாது, மூன்று மாதத்தில் விசா, இரண்டு லட்சம் கட்டினால் போதும்" என்று நர்ஸ்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது உண்மையில்லை. டிராவல் நர்ஸ் என்றால் குறுகிய கால ஒப்பந்தத்தில் மருத்துவமனை மாறி மாறி வேலை பார்ப்பவர்.

இங்கே படித்தவர்கள் அங்கே பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்க்க என்கிளெக்ஸ் எனும் நர்ஸ் உரிமத் தேர்வில் தேற வேண்டும், வேலை பார்க்கும் மாநிலத்தில் செல்லுபடியாகும் உரிமம் வேண்டும், படிப்பு, உரிமம், ஆங்கிலத் திறன் எல்லாம் சரிபார்த்து விசாவுக்காகத் தரும் விசாஸ்கிரீன் சான்றிதழும் வேண்டும். பெரும்பாலோர் போவது இபி-3 எனும் வேலை அடிப்படையிலான குடியேற்ற விசாவில். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அதில் காத்திருப்பே ஆண்டுக்கணக்கு.

டிராவல் நர்ஸ் ஒப்பந்தம் பொதுவாக 13 வாரம். கிராஷ் கார்ட் (அவசர மருந்தும் கருவிகளும் வைத்த தள்ளுவண்டி) எங்கே, மருந்து அலமாரி எப்படித் திறக்கும் என்பதையெல்லாம் ஓரிரு ஷிப்டிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். நெஞ்சுவலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுத்தாக வேண்டும். அதனால்தான் அனுபவம் கேட்கிறார்கள்.

சரி, எங்கே சரிபார்ப்பது? தேர்வு விதிகள், என்கிளெக்ஸை நடத்தும் என்சிஎஸ்பிஎன் அமைப்பின் இணையதளத்தில் இருக்கின்றன. காத்திருப்பு நிலவரம் அமெரிக்க வெளியுறவுத் துறையின் மாதாந்திர விசா புல்லட்டினில் வரும். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான்.

நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிடாதீர்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் ஃபார்வர்ட் செய்ய வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இதையும் போட்டுவிடுங்கள்.