கட்டடம் திறந்தாச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு யார் இருப்பாங்க?

போன வாரம் நண்பர் ஒருவர் புதிதாகத் திறந்த அரசு மருத்துவமனைக் கட்டடத்தின் படத்தை அனுப்பியிருந்தார். "இனி ஜனங்களுக்குக் கவலை இல்லை" என்று கீழே ஒரு வரி. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இருபது வருடத்துக்கு மேல் பிரசவ வார்டில் செவிலியராக வேலை பார்த்துவிட்டதால், எந்தப் புதுக் கட்டடத்தைப் பார்த்தாலும் மனதில் முதலில் வருவது ஒரே கேள்விதான். ராத்திரி ரெண்டு மணிக்கு இங்கே யார் இருப்பாங்க?

இதை ஒரு சின்னக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஒரு வார்டில் எந்த நேரமும் ஒரு செவிலியர், ஒரே ஒருவர், இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர டியூட்டி என்றால் ஒரு நாளைக்கு 3, வாரத்துக்கு 21. ஒருவர் வாரத்தில் 6 நாள் வேலை பார்த்தாலும் மூன்றரைப் பேர் தேவை. அதற்கு மேல் ஆண்டு விடுப்பு, உடம்பு சரியில்லாத நாட்கள், மகப்பேறு விடுப்பு, நைட் முடித்தவருக்குக் கிடைக்க வேண்டிய ஓய்வு. எல்லாவற்றையும் சேர்த்தால் அந்த ஒரு இடத்துக்கு ஐந்து பேராவது வேண்டும். 50 படுக்கை கூட்டினோம் என்று அறிவிக்கும்போது இந்தக் கணக்கை யாராவது சேர்த்துச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை.

ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவத்தை விட உறுதியான சாட்சி இருக்கிறது. அமெரிக்கச் செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா ஐக்கனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 9 ஐரோப்பிய நாடுகளில், அறுவை சிகிச்சைக்கு வந்த நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள். ஒரு செவிலியர் பார்க்க வேண்டிய நோயாளிகளில் ஒருவர் கூடினாலே, 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் அதிகமாக இருந்தது. பட்டப்படிப்பு முடித்த செவிலியர்களின் பங்கு 10 சதவீதம் கூடிய இடங்களில் அதே வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. ஆள் எண்ணிக்கையும் வேண்டும், படிப்பும் வேண்டும். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றைச் சரிக்கட்ட முடியாது.

சரி, ஆளையும் போட்டாச்சு. அப்புறம்?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு நைட் டியூட்டி. குழந்தை பிறந்தது, அழவில்லை. உடம்பு துவண்டு கிடந்தது. பிறக்கிற குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு மூச்சுவிட ஏதாவது ஒரு உதவி தேவைப்படும்; பல குழந்தைகளுக்குத் துடைத்து, முதுகைத் தேய்த்தாலே போதும். அதற்கும் அசையாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் பையும் மாஸ்க்கும் வைத்துக் காற்று கொடுக்க வேண்டும். எனக்கு இதெல்லாம் மனப்பாடம். பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். மாஸ்க்கை வைத்துப் பையை அமுக்கினேன். காற்று கன்னத்தின் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. நெஞ்சு எழும்பவில்லை. பயத்தில் இன்னும் வேகமாக அமுக்கினேன்.

பக்கத்தில் தாயைப் பார்த்துக்கொண்டிருந்த சீனியர் சிஸ்டர் ஒரே எட்டில் வந்தார். என் கையைத் தட்டிவிடவில்லை. என் விரல்களின் மேல் தன் விரல்களை வைத்து, குழந்தையின் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி, தாடையை மாஸ்க்குக்குள் தூக்கிக் கொடுத்தார். "மாஸ்க்கைப் போட்டு அழுத்தாதம்மா, முகத்தை மாஸ்க்குக்குக் கொண்டு வா. பையைப் பாக்காத, நெஞ்சைப் பாரு." அடுத்த அமுக்கில் நெஞ்சு எழும்பியது. சில மூச்சுகள் போனதும் குழந்தை முகத்தைச் சுளித்து அழுதது. அவர் திரும்பத் தாயிடம் போய்விட்டார். அந்த அரை நிமிடத்தில் நான் கற்றது அதற்கு முன் எந்த வகுப்பிலும் கிடைக்காதது. அன்றைக்கு அவரும் வேறு வார்டுக்கு ஓடியிருந்தால்? இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

பல வருடம் கழித்து தான்சானியாவில் ஹேடம் மருத்துவமனையில் நடந்த ஆய்வுகளைப் படித்தபோது, அந்த ராத்திரிதான் ஞாபகம் வந்தது. அங்கே பிரசவ வார்டு ஊழியர்களுக்கு, மூச்சுவிடாத குழந்தைக்குக் காற்று கொடுக்கும் இதே விஷயத்தில் ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். குழந்தை மாதிரிப் பயிற்சிப் பொம்மையை வைத்துச் சோதித்தபோது முன்பை விட நன்றாகச் செய்தார்கள். ஆனால் நிஜக் குழந்தைக்கு அவர்கள் கொடுத்த கவனிப்பில் மாற்றம் தெரியவில்லை. 2013இல் இதை மறைக்காமல் எழுதினார்கள். பிறகு முறையை மாற்றினார்கள். வார்டுக்குள்ளேயே, வாரா வாரம், மூன்று முதல் ஐந்து நிமிடம் பொம்மையை வைத்துப் பழகுவது. அவ்வளவுதான். பிறந்து 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. அந்த முடிவு 2015இல் வெளிவந்தது.

என் கருத்து முழுக்க இதில் அடங்கியிருக்கிறது. பயிற்சி என்றால் நம் அதிகாரிகளுக்கு ஒரு ஹால், ஒரு ஃபைல், சாயங்காலம் ஒரு சான்றிதழ். வார்டிலிருந்து இரண்டு பேரை அதற்கு அனுப்பினால் மீதி இருப்பவர்கள் அன்று இரட்டை டியூட்டி பார்க்கிறார்கள். போனவர்கள் திரும்பி வந்து பழக நேரம் கிடையாது. மூன்று மாதத்தில் கை மறந்துவிடும். கைக்கு ஞாபகம் வேண்டுமானால் பழக வேண்டும், பழக நேரம் வேண்டும், நேரம் வேண்டுமானால் ஆள் வேண்டும். மேலே போட்ட கணக்கில் அந்த ஐந்தாவது ஆளை விட்டுவிட்டால் பயிற்சியும் அதோடு போகிறது. ஒரு வார்டில் கற்றுக்கொடுக்கும் சீனியருக்கு அதுவும் வேலைதான் என்று எழுத்தில் இருக்க வேண்டும், அதற்கென்று நேரமும் படியும் தர வேண்டும். இப்போது பெரும்பாலும் அது அவரவர் நல்ல மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பணம் எங்கே என்று கேட்பார்கள். கட்டடம் ஒரு தடவைச் செலவு, சம்பளம் மாதா மாதம், அதனால்தான் தயக்கம்; புரிகிறது. ஆனால் எத்தியோப்பியா பணக்கார நாடு இல்லை. 2003இல் தொடங்கிய திட்டத்தில் 30,000க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கிராமச் சுகாதாரப் பணிக்கு ஒரு வருடப் பயிற்சி கொடுத்து, அரசு சம்பளத்தில், பெரும்பாலும் அவரவர் பகுதிகளிலேயே வேலைக்கு வைத்தது. தாய்லாந்து 1994 முதல் கிராமப்புற மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, மாகாண மருத்துவமனைகளிலேயே மருத்துவப் பயிற்சி கொடுத்து, சொந்தப் பகுதிக்கே அனுப்பி வருகிறது. அந்த மண்ணைத் தெரிந்தவர், அங்கே வீடு உள்ளவர், தங்குவார். தூரத்திலிருந்து கட்டாயமாகப் போட்டவர் மாறுதலுக்கு மனு எழுதிக்கொண்டிருப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. தங்க ஒரு பாதுகாப்பான அறை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், இதெல்லாம் இல்லாத இடத்தில் நீங்களானால் இருப்பீர்களா?

ஆறு மாத ஒப்பந்தம், பதினோரு மாத ஒப்பந்தம் என்று ஆள் எடுப்பதையும் நான் ஏற்கவில்லை. ஒரு பெண் கை பழகி வரும் நேரத்தில் ஒப்பந்தம் முடிகிறது. 2030இல் உலகம் முழுக்க ஒரு கோடிக்கும் மேல் மருத்துவப் பணியாளர்கள் குறைவாக இருப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அப்படியானால் நாம் பழக்கி வெளியே விட்ட பெண்ணை வேறு யாராவது கூப்பிட்டுக்கொள்வார்கள். போகாதே என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

நண்பருக்குப் பதில் அனுப்பினேன். கட்டடம் அழகாக இருக்கிறது, மூன்று விஷயம் மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள் என்று. செவிலியர் பணியிடம் எத்தனை அனுமதித்திருக்கிறார்கள், அதில் எத்தனை நிரந்தரம், பிரசவ வார்டில் பழகுவதற்கு ஒரு பொம்மை இருக்கிறதா. கேட்டுச் சொல்கிறேன் என்றார். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையிலும் இதே மூன்றையும் கேட்டு, கமெண்டில் போடுங்கள்.