2 வயதுக்குள் 24 துண்டு பசிலா?

"2 வயதுக்குள் 24 துண்டு பசிலை (துண்டுகளைப் பொருத்தும் புதிர்) சேர்க்காத பிள்ளை பின்தங்கிவிடும், மாண்டிசோரி அம்மையார் கொடைக்கானலில் இருந்தபோது வகுத்த விதி" என்று நம்ம ஊர் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, நம்ப வேண்டாம். இத்தாலியக் கல்வியாளரான அவர் 1942 முதல் 1944 வரை இங்கே இருந்தது உண்மை. விதி கட்டுக்கதை, பிள்ளையின் வேகத்துக்கு விடுவதுதான் அவர் முறையே.

தொடங்க, பலகைக் குழியில் பொருந்தும் ஒரே ஒரு வட்டத் துண்டு போதும். குமிழ் வைத்த மரத்துண்டை மூன்று விரலால் எடுத்து, விளிம்பைத் தடவிக் காட்டி, பேசாமல் மெதுவாகத் திரும்ப வையுங்கள், அப்புறம் சும்மா உட்காருங்கள் (நமக்கு அதுதான் கஷ்டம்). தப்பாக வைத்தால் துண்டு உட்காராது, பிள்ளைக்கே புரிந்துவிடும். வட்டம் கைவந்தபின் சதுரம், முக்கோணம். அட்டை பசில் இந்த மலை ஈரத்தில் உப்பிவிடும், மரமே மேல். குமிழ் ஆடினால் மட்டும் கொடுக்காதீர்கள், கழன்றால் நேராக வாய்க்குத்தான் போகும்.